வானொலி கொண்டுவந்த வீடு: சப்ரகமுவத் தோட்டங்களும் குடும்பச் சிரிப்பு நாடகமும்

மலையகத் தமிழரைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி துயரத்தின் கணக்கு. கடல் கடந்து கால்நடையாக வந்த பயணம், 1948 குடியுரிமைச் சட்டம், 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், 1974 பஞ்சம், 1977, 1981, 1983 வன்முறைகள் என்று அந்தக் கணக்கு நீளும். அவை ஒவ்வொன்றும் எழுதப்பட வேண்டியவை. இன்னும் எழுதித் தீரவில்லை. ஆனால் இதே மக்கள் இதே ஆண்டுகளில் எதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார்கள் என்ற கேள்வி அரிதாகவே எழுப்பப்பட்டிருக்கிறது. சிரித்ததும் வரலாறுதான். ஒரு சமூகம் எதற்குச் சிரித்தது, யாரோடு சேர்ந்து சிரித்தது என்று தெரிந்துகொள்ளாமல் அதன் நாளாந்த வாழ்வை அறிந்ததாகச் சொல்ல முடியாது.

சப்ரகமுவவின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களிலுள்ள இறப்பர், தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்த குடும்பங்களுக்குக் குடும்பச் சிரிப்பு நாடகம் எங்கிருந்து வந்தது? அது அவர்களுக்கு எதைக் கொடுத்தது? எதைக் கொடுக்காமல் விட்டது? இந்த மூன்று கேள்விகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது. விடையின் நடுவே நிற்பது 1970களில் இலங்கை வானொலியில் ஒலித்த ‘கோமாளிகள் கும்மாளம்’. அன்போடு திரும்பிப் பார்க்கத் தகுந்த படைப்பு அது. அந்த அன்பு சற்றும் குறையாமல், அதில் இல்லாமற்போன ஒருவரைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது.

வானொலியில் பிறந்த வடிவம்

ஒரே வீடு, மாறாத சில மனிதர்கள், வாரத்துக்கு ஒரு சிக்கல், அரை மணி நேரத்தில் ஒரு தீர்வு. குடும்பச் சிரிப்புத் தொடரின் இலக்கணம் இவ்வளவுதான். பிரித்தானியாவில் இந்த வடிவத்துக்கு உறுதியான அடித்தளம் போட்டது வானொலி. ‘ஹான்காக்ஸ் ஹாஃப் ஹவர்’ 1954இல் பிபிசி வானொலியில் தொடங்கி, 1956இல் தொலைக்காட்சிக்கு வந்தது. 1962இல் வந்த ‘ஸ்டெப்டோ அண்ட் சன்’ பழைய சாமான் வியாபாரிகளான ஒரு தகப்பனையும் மகனையும் வைத்துக்கொண்டே ஒரு தேசத்தைச் சிரிக்கவும் கண் கலங்கவும் வைத்தது. 1971 முதல் 1976 வரை ஓடிய ‘பிளெஸ் திஸ் ஹவுஸ்’ தொடரில் சிட் ஜேம்ஸ் நடித்த தகப்பன், வளர்ந்த பிள்ளைகளைப் புரிந்துகொள்ள முடியாமல் தவிக்கும் எல்லாத் தகப்பன்மாருக்கும் முகமாக இருந்தார்.

இலங்கையிலும் பாதை ஏறத்தாழ இதேதான். வானொலி நாடகத்துக்குத் தமிழில் ஒரு மரபை உண்டாக்கியவர்களில் முதன்மையானவர் ‘சானா’ என்று அறியப்பட்ட சண்முகநாதன். அவருடைய காலத்தில் ஒலிபரப்பான ‘லண்டன் கந்தையா’, இலங்கையர்கோன் எழுதிய ‘விதானையார் வீட்டில்’ ஆகியவை யாழ்ப்பாணத்து வீட்டு முற்றத்தை நாடெங்கும் கேட்க வைத்தன. பின்னர் ஜேசுரத்தினத்தின் ‘முகத்தார் வீடு’ வந்தது. அவர் கடைசிவரை ‘முகத்தார் ஜேசுரத்தினம்’ என்றே அறியப்பட்டார். கரவெட்டியில் பிறந்து கனடாவில் 2014இல் மறைந்த கே. எஸ். பாலச்சந்திரன், ‘அண்ணை றைட்’ என்ற தனிநடிப்பால் ஒரு பஸ் நடத்துநரின் குரலை அழியாப் பாத்திரமாக்கினார்.

இவையெல்லாம் நல்ல படைப்புகள். ஆனால் இவற்றின் வீடு யாழ்ப்பாணத்து வீடு. வேலி, படலை, திண்ணை, பனங்காணி எல்லாம் அந்த மண்ணுக்குரியவை. தெரணியகலைப் பக்கத்து இறப்பர்த் தோட்டத்தில் ட்ரான்சிஸ்டரைச் சுற்றி உட்கார்ந்திருந்த குடும்பத்துக்கு அது தமிழ் பேசும் இன்னொரு ஊர். கேட்கச் சுவையாக இருந்தது. தங்கள் வீடாக இருக்கவில்லை.

நான்கு தமிழ், ஒரு கூரை

‘கோமாளிகள் கும்மாளம்’ இந்த நிலையைப் பெருமளவு மாற்றியது. எழுதியவர் எஸ். ராமதாஸ். மரிக்கார் என்ற முஸ்லிம் பாத்திரத்தை அவரே நடித்தார். அப்புக்குட்டி என்ற யாழ்ப்பாணத்தவராக ரி. ராஜகோபால், உபாலி என்ற சிங்களவராக எஸ். செல்வசேகரன், ஐயராக பி. எச். அப்துல் ஹமீத். தொடர் பெற்ற வரவேற்பில் அது ‘கோமாளிகள்’ என்ற பெயரிலேயே 1976இல் திரைப்படமானது. எம். முகம்மது தயாரித்தார், எஸ். இராமநாதன் இயக்கினார். இலங்கையில் எடுக்கப்பட்ட தமிழ்ப் படங்கள் தமிழ்நாட்டுப் படங்களின் நெருக்கடியில் தலைதூக்கத் திணறிக்கொண்டிருந்த காலத்தில், மக்கள் திரளாகச் சென்று பார்த்த உள்ளூர்ப் படம் அது. அந்த வெற்றி தந்த துணிவில் 1978இல் ‘ஏமாளிகள்’ வந்தது.

நடிகர்களையும் பாத்திரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்தத் தொடரின் பெருமை புலப்படும். முஸ்லிம் அல்லாத ராமதாஸ் மரிக்காரானார். தமிழரான செல்வசேகரன் உபாலியானார். முஸ்லிமான அப்துல் ஹமீத் ஐயரானார். ஒரு சமூகத்தவர் இன்னொரு சமூகத்தவரின் பேச்சை எடுத்து வாயில் வைத்துப் பேசினார். அந்தப் பேச்சுக்குரிய மக்கள் அதைக் கேட்டு மகிழ்ந்தார்கள். மேலோட்டமான நகல் என்றால் இது நடந்திராது. மற்றவரின் ஏற்ற இறக்கம், இழுவை, அவர் எந்த இடத்தில் கோபப்படுவார், எந்த இடத்தில் தணிவார் என்று கூர்ந்து கவனித்தவருக்குத்தான் அது கைகூடும். அப்படிக் கவனிப்பது ஒருவகை மரியாதை. ராமதாஸ் 2016இல் மறையும் வரை, பிறகும்கூட, மக்கள் அவரை ‘மரிக்கார் ராமதாஸ்’ என்றே அழைத்தார்கள். ராஜகோபால் ‘அப்புக்குட்டி’யாகவும் செல்வசேகரன் ‘உபாலி’யாகவும் நிலைத்தார்கள். பாத்திரத்தின் பெயரை நடிகருக்குச் சூட்டுவது மக்கள் தரும் விருது. இவர்கள் மூவருக்கும் அது கிடைத்தது.

ஆசிரியர் இல்லாத வகுப்பு

ஏறத்தாழ அதே ஆண்டுகளில் பிரித்தானியாவில் பேச்சு வழக்குகளை வைத்தே ஒரு சிரிப்புத் தொடர் உருவானது. 1977இல் தொடங்கிய ‘மைண்ட் யுவர் லாங்குவேஜ்’ அது. பல நாடுகளிலிருந்து வந்தவர்கள் லண்டனில் ஒரு மாலை வகுப்பில் ஆங்கிலம் கற்கிறார்கள். அவர்களுடைய பிழைகளே சிரிப்பு. இந்தத் தொடர் இலங்கைத் தொலைக்காட்சிக்கும் வந்து பெரும் வரவேற்பைப் பெற்றது. அதில் ரஞ்சித் சிங் என்ற சீக்கியராக நடித்த அல்பர்ட் மோசஸ் 1937இல் கம்பளையில் பிறந்தவர். கம்பளைக்காரர் ஒருவர் லண்டனில் பஞ்சாபியாக நடிக்க, அதை இலங்கை மக்கள் பார்த்துச் சிரித்தார்கள். ஆனால் இனங்களை ஒரே அச்சில் வார்த்துக் காட்டுகிறது என்ற காரணத்தால் அந்தத் தொடரை அதன் நிறுவனத்திலேயே பொறுப்பிலிருந்த மைக்கேல் கிரேட் 1979இல் நிறுத்தினார்.

இரண்டையும் ஒப்பிடுவது பயனுள்ளது. ‘மைண்ட் யுவர் லாங்குவேஜ்’ தொடரில் ஓர் ஆசிரியர் இருக்கிறார். சரியான மொழி அவரிடம் இருக்கிறது. மற்ற எல்லோரும் அதிலிருந்து விலகியவர்கள். ‘கோமாளிகள்’ வீட்டில் அப்படி ஓர் ஆசிரியர் இல்லை. மரிக்காரின் தமிழும் அப்புக்குட்டியின் தமிழும் ஐயரின் தமிழும் ஒன்றையொன்று கேலி செய்யும். ஆனால் எதுவும் மற்றதற்கு அளவுகோல் ஆவதில்லை. உபாலியின் நிலை சற்று வேறு. அவருக்குத் தமிழ் தாய்மொழி அல்ல, பிழைபடப் பேசுகிறார், அதற்குச் சிரிக்கிறோம். அங்கே கேலி ஒருபக்கமாகச் சாய்வது உண்மை. ஆயினும் சிங்களம் அரச மொழியாக ஆட்சி செய்த நாட்டில், தமிழ் பேசச் சிரமப்பட்டுக்கொண்டே தமிழரோடு ஒரே கூரையின் கீழ் இருக்க விரும்பும் ஒரு சிங்களவரைத் தமிழ் வானொலி படைத்தது. பிழையோடு பேசினாலும் அவர் வேண்டப்பட்டவராகவே இருந்தார். அந்தப் பரிவை நான் மதிக்கிறேன்.

சப்ரகமுவவிலிருந்து கேட்டபோது

நுவரெலியாவின் தொடர்மலைத் தோட்டங்களில் நின்று பார்ப்பவருக்குச் சுற்றிலும் தமிழ் கேட்கும். சப்ரகமுவவின் நிலைமை அப்படியல்ல. எட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, ருவன்வெல்ல, புளத்கொஹுபிட்டிய, எஹலியகொடை, நிவித்திகலை, காவத்தை, இறக்குவானை என்று இங்குள்ள தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே துண்டு துண்டாகக் கிடக்கின்றன. லயத்தின் வரிசை வீடுகளுக்குள் தமிழ், பாதையில் இறங்கினால் சிங்களம். டவுனில் துணி எடுக்க, நகை அடகு வைக்க, மாணிக்கக் கல் விலை பேசப் போனால் முஸ்லிம் கடைக்காரரின் தமிழ். ஆகவே உபாலியும் மரிக்காரும் இங்குள்ளவர்களுக்கு வானொலியில் பிறந்த கற்பனை மனிதர்கள் ஆகவில்லை. அந்தக் குரல்களை அவர்கள் சந்தை நாளில் நேரிலேயே கேட்டிருந்தார்கள். இரத்தினபுரிக் கடைத்தெருவில் உபாலியின் தமிழைப் பேசிய சிங்கள முதலாளியும், உபாலியின் தமிழுக்கு நேர் எதிர்ச் சிங்களத்தைப் பேசிய தோட்டத் தொழிலாளியும் நாள்தோறும் எதிரெதிரே நின்றார்கள். நாட்டின் மற்ற இடங்களில் ‘கோமாளிகள்’ ஒரு விருப்பத்தைச் சொன்னது. இங்கே அது நடப்பைச் சொன்னது.

காலத்தையும் நினைக்க வேண்டும். 1972லும் 1975லும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1973, 74இல் அரிசிக்கும் மாவுக்கும் தட்டுப்பாடு வந்து தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. மழை விடாத நாட்களில் பால் வெட்டு இல்லை. பால் வெட்டு இல்லையென்றால் பேரும் இல்லை, அதாவது அன்றைய கூலியும் இல்லை. அதே ஆண்டுகளில்தான் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி குடும்பங்கள் பிரிந்து, ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று மக்கள் பெயர் வைத்த இரயிலில் தலைமன்னாருக்குப் போய் இந்தியாவுக்குக் கப்பலேறின. இறப்பர் மரத்தில் கத்தி பிடிக்கத் தெரிந்தவர்கள் பலர் கன்னியாகுமரியின் அரச இறப்பர்த் தோட்டங்களிலும், கர்நாடகத்தின் புத்தூர், சுள்ளியப் பகுதிகளிலும் குடியமர்த்தப்பட்டார்கள். இலங்கை வானொலி தென்னிந்தியாவிலும் தெளிவாகக் கேட்ட காலம் அது. அக்கரை போனவர்களுக்கும் இக்கரை நின்றவர்களுக்கும் பொதுவாக மிஞ்சிய ஒருசில பொருட்களில் அந்த ஒலியும் ஒன்று.

இப்படிப்பட்ட வாழ்வில் வாரத்துக்கு ஒருமுறை வந்த சிரிப்பைப் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியாது. நாட்டுக்கு உரியவர்களா இல்லையா என்று அரசாங்கங்கள் பேரம் பேசிக்கொண்டிருந்த மக்களை, எல்லாரோடும் சேர்ந்து அதே நேரத்தில் அதே பகிடிக்குச் சிரிக்கவைத்தது அந்த வானொலி. வாக்குச் சீட்டு இல்லாதவருக்கும் அங்கே இடம் இருந்தது.

இல்லாத ஐந்தாமவர்

அங்கே இடம் இருந்தது கேட்பவராக. பேசுபவராக இல்லை. நான்கு முதன்மைப் பாத்திரங்களில் தோட்டத் தமிழ் பேசும் ஒருவர் கிடையாது. நாட்டின் தமிழ் வழக்குகளையெல்லாம் ஒரு வீட்டுக்குள் கூட்டிவர முயன்ற நாடகத்தில், பல இலட்சம் பேர் பேசிய வழக்குக்கு ஒரு நாற்காலி போடப்படவில்லை. இது ராமதாஸின் குறையாக எனக்குத் தோன்றவில்லை. அவர் கண்முன் இருந்த கொழும்பை எழுதினார். கொழும்பு வீடுகளில் தோட்டத்துப் பிள்ளைகள் இருந்தார்கள். ஆனால் சமையலறையில் இருந்தார்கள். வறுமையால் வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்ட அந்தச் சிறுவர் சிறுமியரின் பேச்சைச் சமமான பேச்சாக எவரும் கேட்டுப் பழகவில்லை.

மலையகத்தின் தன்னெழுத்தும் அப்போது சிரிப்பின் பக்கம் திரும்பும் நிலையில் இல்லை. குடியுரிமையும் போதிய பள்ளிக்கூடங்களும் இல்லாத மக்களின் முதல் தலைமுறை எழுத்தாளர்களுக்கு, நடந்த அநியாயத்தைச் சொல்வதே முதற் கடமையாகப் பட்டது. சி. வி. வேலுப்பிள்ளை, என். எஸ். எம். ராமையா, தெளிவத்தை ஜோசப் போன்றோர் அந்தக் கடமையைச் சிறப்பாகச் செய்தார்கள். 1975இல் வி. பி. கணேசன் நடித்துத் தயாரித்த ‘புதிய காற்று’ தோட்டத் தொழிலாளரைத் திரையில் நாயகராக்கியது. தெளிவத்தை ஜோசப் அதன் எழுத்தில் பங்கெடுத்தார். போராட்டக் கதைக்குத் தோட்டம் களமானது. குடும்பச் சிரிப்புக்குக் களமாகவில்லை.

இத்தனைக்கும் சிரிப்பு அந்த மண்ணுக்குப் புதிது அல்ல. மாசி மாதத்தில் தோட்டந்தோறும் நடக்கும் காமன் கூத்தில் கோமாளி வருவான். தப்பு அதிர, எல்லோர் முன்னாலும் அவன் கங்காணியையும் பேசுவான், கணக்கப்பிள்ளையையும் பேசுவான். ஆண்டு முழுதும் சொல்ல முடியாதது அந்த இரவில் சொல்லப்படும். எழுத்துக்கும் வானொலிக்கும் வராமல் கூத்துக்களத்திலேயே நின்றுவிட்ட சிரிப்பு அது.

பிறகு வந்த ஆண்டுகள் வாசலையே அடைத்தன. 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பகுதித் தோட்டங்களில் லயங்கள் கொளுத்தப்பட்டன. பல குடும்பங்கள் வவுனியாப் பக்கமும் இந்தியாவுக்கும் ஓடின. 1983 ஜூலையில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டபோது இலங்கைத் தமிழ்ப் படங்களின் சுருள்கள் பல சாம்பலாயின. மரிக்காரும் உபாலியும் ஐயரும் அப்புக்குட்டியும் ஒரே வீட்டில் இருந்ததை இயல்பாக எண்ணிய காலம் அத்தோடு முடிந்தது. அந்தக் கலைஞர்களில் சிலரும் நாட்டை விட்டு வெளியேறினார்கள்.

தொலைக்காட்சி வந்தும் இடைவெளி நிரம்பவில்லை. 1982இல் தொடங்கிய ரூபவாஹினியில் டைட்டஸ் தொட்டவத்த, ‘டொக்டர் இன் த ஹவுஸ்’ என்ற பிரித்தானியச் சிரிப்புத் தொடரைச் சிங்களத்தில் பேசவைத்து வீட்டுக்கு வீடு கொண்டுபோனார். 1987 முதல் சுயாதீனத் தொலைக்காட்சியில் வந்த ‘கோப்பி கடே’ ஒரு சிங்களக் கிராமத்துத் தேநீர்க் கடையை வாராவாரம் காட்டியது. சிங்களம் தெரிந்த சப்ரகமுவத் தோட்டக் குடும்பங்களும் கார் பெற்றரியில் தொலைக்காட்சியை இணைத்து இவற்றைப் பார்த்தன. 2000க்குப் பிறகு டிஷ் அன்டெனா வழியே சென்னைத் தொடர்கள் வந்தன. யாழ்ப்பாணத்து வீடு, கொழும்பு வீடு, சிங்களக் கிராமம், லண்டன், சென்னை எல்லாம் லயத்துக்கு வந்துவிட்டன. லயம் எங்கும் போகவில்லை.

லயம் என்ற களம்

குடும்பச் சிரிப்புத் தொடருக்கு ஒரே இடமும் மாறாத மனிதர்களும் வேண்டும் என்று முதலில் சொன்னோம். தப்பிக்க முடியாத அண்டை வீடும் சேர்ந்தால் இன்னும் நல்லது. இந்த மூன்றும் லயத்தைப் போல் வேறெங்கும் இவ்வளவு நெருக்கமாகக் கூடிவருவதில்லை. ஒரு காம்பராவுக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒரு சுவர்தான். இந்த இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) சொன்னது அந்த இஸ்தோப்புக்குக் கேட்கும். தொங்கல் காம்பராவில் நடந்த சண்டை விடிவதற்குள், வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்துக்குப் போய்விடும். தோட்டத் தலைவர், கணக்கப்பிள்ளை, கடைக்கார முதலாளி, கொழும்பிலிருந்து தீபாவளிக்கு வந்திறங்கும் மகன், கல் கிடைக்கும் என்று மாணிக்கக் குழிக்குப் போய் வெறுங்கையோடு திரும்பும் மச்சான் என்று பாத்திரங்களுக்கும் பஞ்சமில்லை.

சப்ரகமுவவுக்கே உரிய கதைகளும் உண்டு. தமிழ்ப் பள்ளிக்கூடம் தொலைவில் இருப்பதால் பிள்ளையைச் சிங்களப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும் குடும்பங்கள் இங்கே ஏராளம். அலுவலகத்திலிருந்து சிங்களத்தில் ஒரு கடிதம் வருகிறது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வாசிக்கத் தெரியாது. வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்காம் வகுப்பு மகள். “என்ன எழுதியிருக்கான், சொல்லு புள்ள” என்று அப்பா கேட்கிறார். மகளுக்கு எழுத்து தெரியும், அரச மொழியின் கடுஞ்சொற்களுக்குத் தமிழ் தெரியாது. அவள் தனக்குத் தெரிந்தபடி சொல்கிறாள். அதை அப்பாயி தனக்குக் கேட்டபடி பக்கத்து வீட்டுக்குச் சொல்கிறாள். பொழுது சாய்வதற்குள் லயமே வீடு காலி செய்ய மூட்டை கட்டுகிறது. கடிதத்தில் இருந்ததோ நுளம்பு மருந்து அடிக்க வரும் தேதி. இதில் சிரிப்பும் இருக்கிறது. தன் மொழியில் கடிதம் பெற முடியாத குடிமகனின் வேதனையும் இருக்கிறது. நல்ல குடும்பச் சிரிப்பு நாடகம் இரண்டையும் சேர்த்தே தூக்கும்.

இதை எழுத வேண்டியவர்கள் யார் என்பதற்குப் பிரித்தானிய அனுபவம் ஒரு தெளிவான விடை தருகிறது. அங்கே பல ஆண்டுகள் ஆசியக் குடியேறிகள் மற்றவர் எழுதிய பகிடிக்குப் பொருளாக இருந்தார்கள். 1996இல் பிபிசி வானொலி நான்கில் தொடங்கி 1998இல் தொலைக்காட்சிக்கு வந்த ‘குட்னஸ் கிரேஷஸ் மீ’ அந்த நிலையை மாற்றியது. பேனா அவர்கள் கைக்கே வந்தது. தங்கள் தாய்மாரை, மாமன்மாரை, கல்யாண வீடுகளை அவர்களே எழுதினார்கள். ஆங்கிலேயரின் வழக்கங்களையும் விட்டுவைக்கவில்லை. தன்னைப் பார்த்துத் தானே சிரிக்கும் உரிமை, தன்னைப் பற்றிப் பேசும் உரிமையின் முதிர்ந்த வடிவம். மலையகச் சமூகத்துக்கு அந்த முதிர்ச்சி எப்போதோ வந்துவிட்டது. மேடைதான் வரவில்லை.

முடிவாக

‘கோமாளிகள் கும்மாளம்’ இலங்கைத் தமிழ் வானொலியின் உயர்ந்த சாதனைகளில் ஒன்று. வழக்குகளைத் தரம் பிரிக்காமல், சமூகங்களைப் பகையாக்காமல் ஒரு நாட்டை ஒரு வீட்டுக்குள் வைத்துக் காட்டியது. சப்ரகமுவத் தோட்டங்கள் அதை நெஞ்சோடு ஏற்றுக்கொண்டன. அந்த வீட்டில் தோட்டத்தவருக்கு ஒரு நாற்காலி இல்லாமற்போனது வரலாறு விட்ட குறை. அதை இன்று நிரப்ப முடியும். ஒரு கைபேசியும் நான்கு நல்ல குரல்களும் இருந்தால் போதும் என்ற காலம் இது.

இரண்டு காரியங்கள் உடனே நடக்க வேண்டும். இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடமும் தனியாரிடமும் எஞ்சியிருக்கும் தமிழ்ச் சிரிப்பு நாடகப் பதிவுகள் மின்வடிவாக்கப்பட்டுப் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட வேண்டும். தோட்டங்களில் இன்னும் நம்மோடிருக்கும் முதியவர்கள் அந்த நாடகங்களைப் பற்றியும், காமன் கூத்துக் கோமாளிகளைப் பற்றியும், லயத்துப் பகிடிகளைப் பற்றியும் சொல்வதைப் பிள்ளைகள் பதிவு செய்ய வேண்டும். எட்டியாந்தோட்டையிலும் இறக்குவானையிலும் எழுதத் தொடங்கியிருக்கும் இளைஞர்களே, உங்கள் பாட்டிமாரின் கண்ணீரை எழுதுங்கள். அவர்கள் சிரித்த சிரிப்பையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த சிரிப்பு வீடு லயத்திலிருந்து வரட்டும்.